தட்டைக் கொடுத்தது யார்

மார்ச் 4, செவ்வாய். ஐந்தாம் சோதனை. வெள்ளைப் பெட்டி. ஒரே மாற்றம்: எண்ணெய்க்குப் பதில் உருக்கிய வெண்ணெய், அதே எடை. தவறு: பிரித்த வெண்ணெயை மூடி வைக்கவில்லை. ஃப்ரிட்ஜில் அரை வெங்காயத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாள் திறந்தே இருந்திருக்கிறது. பிரவுனியில் வெங்காய வாடை. தவறு என்னுடையது, வெண்ணெயினுடையது அல்ல. அடுத்த வாரம் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இதை எழுதிய பென்சில் என்கிறவள் நோட்டை மூடவில்லை. வீட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிற மேஜையில் வேலை. காதில் செருகிய பென்சிலோடு காலையில் போவாள், அதே பென்சிலோடு மாலையில் வருவாள். ஒருநாள் அதோடேயே தூங்கியும் போய்விட்டாள். அன்றைக்குச் சித்தி வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவள் எழுதாமல் விட்டது அடுத்த வரியை. சித்தி சொன்னதை எழுதியாகிவிட்டது. அம்மா சொன்னதை எழுதத்தான் கை வரவில்லை.

பேக்கரிப் படிப்பின் மாலை வகுப்பில் மிஸ் கொடுத்திருந்த வேலை கேட்பதற்குச் சின்னது. கடையில் கிடைக்கிற பிரவுனி மிக்ஸ் பெட்டிகளில் மூன்று வாங்க வேண்டும். பெட்டியின் முதுகில் போட்டிருக்கிறபடி, கூட்டாமல் குறைக்காமல் மூன்றையும் செய்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வாரம் ஒரு மாற்றம், ஒன்றே ஒன்று. ருசி பார்க்க வீட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுத வேண்டும். திருத்தி எழுதக் கூடாது. பெட்டியைப் பிரித்துக் கொட்டுவதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். பென்சில் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வேலை சின்னதாக இருக்க இருக்கத்தான் அதில் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் பெரிதாகும். இரண்டு முட்டை என்று போட்டிருந்தால் எந்த அளவு முட்டை என்று யோசித்து முட்டையையும் எடை போடுகிறவள் அவள்.

ருசி பார்க்க ஆள் தேடி அவள் அலைய வேண்டியிருக்கவில்லை. முன்னறையில் தையல் மெஷினோடு சித்தி இருந்தாள். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், சாப்பிட்டுவிட்டு ஏதாவது சொல்வாள். அப்புறம் அம்மா இருந்தாள். அம்மாவை ருசிக்கு வைத்துக்கொள்வது என்பது பார்சல் நிறுக்கத் தங்கத் தராசைக் கொண்டுவந்த மாதிரி.

அம்மாவின் வேலை பால் நிலையத்தில், பால் வந்து இறங்குகிற மேடையில். விடிவதற்கு முன்னால் கேன்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு கேனையும் மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டி மூடியைத் திறந்து, மூடியின் உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோவாள். அரை நொடி. நல்ல பால் என்றால் "ம்" என்பாள், கேன் தொட்டிக்குப் போகும். சந்தேகம் என்றால் "ஓரம்" என்பாள், கேன் ஓரமாகப் போய் நிற்கும். பரிசோதனை அறைப் பெண் வந்து ஒரு குழாயில் எடுத்துக் காய்ச்சிப் பார்ப்பாள். கெட்டதென்று அம்மாவே உறுதியாகச் சொல்லிவிட்டால் காய்ச்சிப் பார்ப்பதுகூட இல்லை, ஒரு மூடி நீலச் சாயம் ஊற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வேறெங்கும் கொண்டுபோய்க் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. மேடையில் எல்லாருக்கும் அவள் 'மூக்கு அக்கா'. மாடு என்ன தின்றது, கேனை எதில் கழுவினார்கள், பால் கறந்து எத்தனை நேரம் ஆயிற்று, எல்லாம் அந்த மூக்குக்குத் தெரியும் என்பார்கள். பால்காரர்கள் அவளிடம் வாய் கொடுப்பதில்லை. அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். வீட்டிலும் அந்தச் சொல் வந்து புகுந்திருந்தது. வாடின கீரை, ஈரம் காயாத துண்டு, சித்திக்கு வந்து நின்றுபோன ஒரு வரன், எல்லாவற்றுக்கும் அம்மாவின் தீர்ப்பு ஒரே சொல்தான்: ஓரம்.

அப்படிப்பட்ட அம்மா இன்று மாலை, வெங்காய நாற்றம் அடிக்கிற பிரவுனியை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

சித்தி அதற்கு முன்பே ஒரு வாய் கடித்துவிட்டு, வாயிலிருந்து ஊசியை எடுத்து வைப்பதுபோல மெதுவாக அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, வெங்காயத்துக்குச் சாக்லேட் பூசினியா?" என்றாள். பென்சில் ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, தன் தப்பை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா சொன்னாள், "அவ கெடக்குறா. வெண்ணெய் வாசம் நல்லா வந்திருக்கு."

கேலி இல்லை அதில். பாசத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை. அம்மா பாசத்துக்காகப் பொய் சொல்கிறவள் அல்ல; பென்சில் முதல்முதலில் சோறு வடித்த அன்றைக்கே "ஓரம்" என்று சொன்னவள்.

கடைசியில் அதை வாயில் வந்தபடியே எழுதினாள். எழுதிய கையோடு தன்மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை வாடை அவ்வளவு இல்லையோ, சித்தி சொன்னதால் எனக்கும் அப்படித் தோன்றியதோ. எழுந்துபோய் மீதித் துண்டை மோந்து பார்த்தாள். வெங்காயம்தான். இன்னொரு தடவை மோந்தாள். வெங்காயமேதான்.

மறுநாள் மதியம் பார்சல் மேஜையில் கூட்டம் குறைந்த நேரத்தில் நோட்டை முதலிலிருந்து படித்தாள். ஐந்து சோதனை, ஐந்து பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டம். அம்மாவின் கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போனாள்.

ஜனவரி 28-இல் அம்மாவின் கட்டம் போதாமல் ஓரத்து வெள்ளையிலும் எழுத வேண்டியிருந்தது. "சிவப்புப் பெட்டி, பிரிச்சதுமே அட்டை வாசம். கோகோ பழசு. ஓரம். நீலப் பெட்டியில இருக்கிறது வெனிலா இல்ல, வெனிலா மாதிரி. வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே தலைய வலிக்குது. ஓரம். வெள்ளைப் பெட்டி, பேரே இல்லாத பெட்டி, ஆனா கோகோ கோகோவா இருக்கு. இத வச்சுக்கோ." பக்கத்துக் கட்டத்தில் சித்தி: "மூணும் நல்லாருக்கு. மூணையும் வச்சுக்கோ."

பிப்ரவரி 4. மாற்றம்: கூடுதலாக ஒரு மஞ்சள் கரு. அம்மா: "பிசுபிசுன்னு நல்லா வந்திருக்கு. ஆனா முட்டை வாசம் லேசா தூக்குது. வெனிலா அரை மூடி கூடப் போட்டா அடங்கும்."

பிப்ரவரி 11. "அம்மாவுக்கு ஜுரம், ஜலதோஷம். சோதனை இல்லை."

பிப்ரவரி 18. மாற்றம்: தண்ணீருக்குப் பதில் பால். அம்மா: "மெத்துனு இருக்கு."

பிப்ரவரி 25. மாற்றம்: தண்ணீருக்குப் பதில் ஆறவைத்த காபி டிகாஷன். என்ன மாற்றம் என்று அன்றைக்குச் சொல்லாமலேதான் கொடுத்திருந்தாள். சித்தி: "காபி குடிச்ச மாதிரியே இருக்கு. இனிமே எனக்குத் தூக்கம் வந்த மாதிரிதான்." அம்மா: "ஓரம் நல்லாருக்கு. மொறுமொறுன்னு."

அந்த 'ஓரம்' என்ற சொல்லில் பென்சிலின் விரல் நின்றது. அதை எழுதிய அன்று அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அம்மாவின் வாயில் அந்தச் சொல் முதல்முறையாகப் பாராட்டாக வந்திருக்கிறது என்று. இப்போது பார்த்தால் ஜனவரியில் அது மூக்கின் சொல். பிப்ரவரியில் பல்லின் சொல். ஜுரத்துக்கு அப்புறம் அம்மாவின் கட்டத்தில் மெத்து இருந்தது, மொறுமொறுப்பு இருந்தது. காபி இல்லை. வாசம் என்ற வார்த்தை ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தது, அதுவும் நேற்று. இன்றைக்கு வெண்ணெய் போட்டிருக்கிறேன் என்று பென்சிலே முன்கூட்டிச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

எதிரே ஒருவர் பார்சலோடு நின்று இரண்டு தடவை இருமினார். எடையைத் தப்பாகப் படித்துத் திருத்திக் கொடுத்தாள்.

ஆனாலும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பெற்ற தாயைச் சந்தேகப்படலாமா என்று இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது. சாதாரண வீட்டில் ஒருத்திக்கு மூக்கு அடைத்துக்கொண்டால் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்த வீட்டில் அது அப்படி முடிகிற விஷயம் இல்லை. அந்த மூக்கு "ம்" என்று சொல்கிற பால்தான் விடிந்ததும் ஊர் முழுக்கப் போகிறது. கெட்ட கேன் ஒன்று உள்ளே போனால் ஒரு தொட்டியே போச்சு; யார் கண்ணிலும் படாமல் போய்விட்டால் அதைவிட மோசம். அம்மாவுக்கு அந்த மேடையை விட்டால் வேறு பெயரும் இல்லை, வேறு இடமும் இல்லை.

சனிக்கிழமை அவள் ஒரு சோதனை செய்தாள். வகுப்புக்கான பயிற்சி என்று வீட்டில் சொல்லிக்கொண்டாள். வெள்ளைப் பெட்டி மாவை ஒரே பாத்திரத்தில் கலக்கி எடை பார்த்து இரண்டாகப் பிரித்தாள். ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் வெனிலா. ஒரே அளவுத் தட்டு, ஒரே தாள், ஒரே சூடு. பல் குத்துகிற குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரத்துகள் ஒட்டுகிற பதத்தில் இரண்டையும் ஒன்றாக இறக்கினாள். ஆறியதும் மூன்று ஜோடியாக வெட்டி வைத்து, எதில் வெனிலா என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா மேடையில் மூடியைத் தூக்குகிற மாதிரியே துண்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "இது" என்றாள். சரி. இரண்டாவது ஜோடி, சரி. மூன்றாவதும் சரி.

பென்சிலுக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சமிருந்த துண்டுகளையெல்லாம் சித்திக்குக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதினாள்: "மூன்றுக்கு மூன்று. என் சந்தேகம் தப்பு. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்." கடைசி வரியை மட்டும் அடித்தாள், மிஸ் படிப்பார்.

திங்கட்கிழமை மிஸ் படித்தார். எதற்காகச் செய்தாய் என்று கேட்கவில்லை. மூன்றுக்கு மூன்று என்ற இடத்தின் கீழே சிவப்பு மையில் ஒரே வரி எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்: "தட்டைக் கொடுத்தது யார்?" வகுப்பு முடிந்து கைகழுவும் தொட்டியருகே பென்சில் அதற்கு அர்த்தம் கேட்டாள். விடை தெரிந்தவள் தட்டைக் கொடுத்தால் விடையும் தட்டோடு போய்விடும் என்றார் மிஸ். சாப்பிடுகிறவர்கள் பிரவுனியைப் பார்ப்பதில்லை, கொடுக்கிறவளின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், பல சமயம் அவர்களுக்கே அது தெரியாது. சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வருகிறபோது பென்சிலுக்கு அம்மா நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. மூன்று தடவையும் மோந்து முடித்தபின்தான் நிமிர்ந்தாள். மூன்று தடவையும் நிமிர்ந்தபின்தான் சொன்னாள்.

செவ்வாய், மார்ச் 11. வெண்ணெய்ச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிய நாள். அவள் வெண்ணெயை எடுக்கவில்லை. சனிக்கிழமை மாதிரியே வெனிலா போட்டதும் போடாததுமாகச் செய்தாள். வெட்டித் தட்டுகளில் வைக்கிற வேலையைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆறு தட்டின் அடியிலும் சித்தி தையல் சாக்கட்டியால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குறி வைத்தாள். எதற்கு எது என்பதைத் தன் அளவு நோட்டில், யாரோ ஒருத்தியின் தோள் அளவுக்குக் கீழே, எழுதிக்கொண்டாள். எதற்கு இந்தக் கண்ணாமூச்சி என்று கேட்டாள். வகுப்புக்கு என்றாள் பென்சில். நல்ல வகுப்பு, திங்கிற சாமானை ஒளிச்சு வச்சுச் சொல்லித் தர்றாங்க என்று முணுமுணுத்தபடி சித்தி மெஷினுக்குப் போய்விட்டாள்.

மணி ஆறுதான் இருக்கும். அம்மா மூன்றுக்கு எழுகிறவளாதலால் எட்டுக்குள் படுத்துவிடுவாள். சமையலறை மேஜையில் மறுநாளைக்கான உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். பென்சில் முதல் ஜோடியை எதிரே வைத்தாள்.

அம்மா ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வைத்தாள். மற்றதை எடுத்தாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

பென்சில் முகத்தை மறைக்கவில்லை. மறைக்க அதில் எதுவும் இல்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்; கண்ணிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து கைக்கும் அவள் பார்வை போய்ப் போய்த் திரும்பியது. ஒரு துண்டை மறுபடி மோந்தாள். மறுபடி பார்த்தாள். முன்னறையில் மெஷின் ஓடி நின்றது.

"உனக்கே தெரியாதா?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா. சித்திதான் வச்சா."

அம்மா துண்டைத் தட்டில் வைத்து, தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"அப்ப எனக்கும் தெரியாது."

அதற்கப்புறம் அம்மா பேசியதெல்லாம் தாழ்ந்த குரலில், உடுப்பை மடித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப்போலத்தான். ஜுரம் விட்ட அன்றைக்கு மேடைக்குப் போய் முதல் மூடியைத் திறந்தாளாம். மூடியில் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. இரண்டாவது மூடியிலும் இல்லை. பின்னால் வரிசை நின்றது. நாற்பதாவது கேன் வரைக்கும் ஓரம், ஓரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பரிசோதனை அறைப் பெண் ஓடிவந்து, அக்கா இன்றைக்கு ஊர்ப் பால் முழுக்கக் கெட்டுப்போச்சா என்று கேட்டாள். அதற்குமேல் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் பார்க்க ஆரம்பித்தாள். நுரை எப்படி நிற்கிறது, மூடியின் விளிம்பில் என்ன ஒட்டியிருக்கிறது, கேன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவருகிறவனின் முகம். பத்தொன்பது வருடத்தில் மேடைக்கு வருகிற ஒவ்வொரு முகமும் அவளுக்குப் பாடம். பால் சரியில்லை என்று தெரிந்து கொண்டுவருகிறவன் மூடியைப் பார்ப்பான். சரியாக இருக்கிறவன் தராசைப் பார்ப்பான். அதை வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டாள்.

பென்சில் கேட்டாள், யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று. மூக்கு அக்காவை யார் சோதிப்பார்கள் என்றாள் அம்மா.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்கவும் வாயெடுத்தாள், அதற்குள் அம்மாவே சொன்னாள். பால் நிலையத்து டாக்டரிடம் போனால் சீட்டில் எழுதிவிடுவார். வெளி டாக்டரிடம் போயிருக்கலாம். அவர் வராது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று போகவில்லை.

இங்கே அம்மாவின் கை நின்றது. உடுப்பை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிடாத அந்த இரண்டு துண்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"போன வெள்ளிக்கெழம ஒரு பொண்ணு வந்தா. புதுசு. வந்து பத்து நாள்தான் ஆகுது. கை நடுங்குது. என் மூஞ்சிய நிமிர்ந்து பாக்கல, மூடியையே பாக்குறா. ஓரம்னு சொல்லியிருக்கலாம், காய்ச்சிப் பாத்திருப்பாங்க. வரிசையில எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. பழைய மூக்குதான்னு காட்டணும்னு தோணுச்சு. கெட்டதுன்னுட்டேன். நீலத்த ஊத்தினாங்க."

பென்சில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவ படியில உக்காந்துட்டா. கொழந்தைய ஆஸ்பத்திரியில விட்டுட்டு அங்கேருந்து நேரா வந்திருக்கா. அதான் நடுக்கம். பரிசோதனைப் பொண்ணு ஊத்துறதுக்கு முன்னாடி பழக்கத்துல ஒரு கொழாய் எடுத்து வச்சிருந்திருக்கா. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து சொல்றா, அக்கா அது நல்ல பாலுக்கான்னு. அப்படியான்னேன். வேற என்ன சொல்லுவேன்."

உடுப்பின் மடிப்பை நீவிவிட்டுச் சேர்த்துச் சொன்னாள். "நல்லத கொட்டினது தெரிஞ்சு போச்சு. கெட்டத எத்தன உள்ள விட்டேனோ, அத யாரு சொல்லுவா?"

மெஷின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. சித்தி கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள், அளவு நோட்டைப் பிரித்து வைத்த கையோடு. அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, இதெல்லாம் ஜலதோஷத்தில் போன மூக்கு, வந்துவிடும், தன் தோழிக்கு இரண்டே மாதத்தில் வந்தது என்று ஆரம்பித்தாள். அதுவரை லீவு போடு. காரணம் கேட்டால் இடுப்பு வலி என்று சொல். இடுப்பை யாரும் மோந்து பார்க்கப் போவதில்லை. சொன்ன பிறகு இந்த வீடு எப்படி ஓடும் என்று ஒரு நிமிஷம் யோசி. உண்மையைச் சொன்னால் மூக்கு அறுபட்டுத்தான் போகும், அப்புறம் அந்த மேடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா. அவள் பேசியதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் பென்சிலுக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த நோட்டு இல்லாவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது. பிரவுனியை நன்றாக்கத்தான் அவள் இதைத் தொடங்கினாள். வாரம் ஒன்றை மாற்றி மாற்றி, எதை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க. இப்படி ஆகும் என்று எந்தக் கட்டமும் சொல்லவில்லை. "வேணும்னா அந்தப் பக்கங்களக் கிழிச்சுடறேம்மா" என்றாள். சொன்ன உடனே அது எவ்வளவு சின்னத்தனமான உதவி என்று காது சிவந்தது.

அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகக் காட்டவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "உன் நோட்டுல கடைசியில வெறும் தாள் இருக்குமில்ல? ஒண்ணு குடு. இல்ல, நீயே எழுது. எனக்குக் கடுதாசி எழுத வராது" என்றாள்.

பென்சில் தாளை எடுத்து, கண்காணிப்பாளர் அவர்களுக்கு என்று தொடங்கினாள். பார்சல் அலுவலகத்தில் அவள் கற்ற மொழி தானாக வந்தது: சில நாட்களாக உடல்நலக் குறைவு காரணமாக. எழுதியதை வாசித்துக் காட்டினாள்.

"சில நாள் இல்ல. இருபத்தாறு நாள்."

அடித்துவிட்டு எழுதினாள்.

"உடல்நலக் குறைவுன்னா என்ன? மூக்குல வாசம் தெரியலன்னு போடு."

எழுதினாள். இந்த நாட்களில் தான் 'ம்' சொல்லி உள்ளே விட்ட கேன் எல்லாவற்றையும் பதிவேட்டை எடுத்துச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும் என்றாள் அம்மா. அதையும் எழுதினாள். பிறகு அந்தப் பெண்ணின் கேன். தேதி, கேன் எண், எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடமாக இருந்தது. பால் நல்லது, தவறு என்னுடையது, அவள் பெயரில் விழுந்த கரும்புள்ளியை எடுக்க வேண்டும்.

சித்தி பொறுக்க மாட்டாமல் எழுந்துவிட்டாள். "அக்கா, நீ போய் உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கப் போறியா? மத்ததெல்லாம் எழுது. அந்த ஒண்ண மட்டும் விடு. யாரும் கேக்கல."

"அத எழுதலைன்னா இது வெறும் லீவு லெட்டர்" என்றாள் அம்மா.

சித்தி கதவு நிலையில் சாய்ந்து அழுதாள். அம்மா அழவில்லை. எழுதி முடித்ததை ஒரு தடவை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஓர் இடத்தில் கேன் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது, பென்சிலின் தப்பு, திருத்தினாள். கீழே அம்மா தன் பெயரை மெதுவாக எழுதினாள். அந்தப் பெயரை எழுதிப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது போலும், நடுவில் ஓர் எழுத்துக்கு முன் பேனா நின்று யோசித்தது.

தட்டுகளைத் திருப்பிப் புள்ளிகளைப் பார்க்க யாரும் முனையவில்லை. பென்சில் ஆறு துண்டுகளையும் ஒரே டப்பாவில் போட்டு மூடினாள். அம்மா படுக்கப் போகுமுன் வாசலில் நின்று, நீ நாளைக்கு என்கூட வர்றியா என்று கேட்டாள். இதுவரை அவள் மேடைக்கு யாரையும் கூட்டிப் போனதில்லை. வருகிறேன் என்றாள் மகள்.

எட்டு மணிக்கு அவள் நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 11, செவ்வாய். ஆறாம் சோதனை. வெள்ளைப் பெட்டி. மாற்றம்: வெனிலா, ஒரு ஸ்பூன். தட்டு வைத்தது சித்தி. கொடுத்தது நான். முடிவு: அம்மா தெரியாது என்று சொன்னாள். முதல் ஜோடியோடு நிறுத்திவிட்டோம்.

நாளை: மூன்று மணிக்கு எழ வேண்டும். பார்சல் அலுவலகத்துக்கு அரை நாள் வர முடியாது என்று சொல்லிவிட வேண்டும். மூன்றே முக்காலுக்கு அம்மாவுடன் பால் நிலையம். கண்காணிப்பாளர் ஐந்துக்குத்தான் வருவார்; அதுவரை எந்த மூடியையும் அம்மா திறக்காமல், எல்லாக் கேனையும் காய்ச்சிப் பார்க்கும்படி பரிசோதனை அறையில் சொல்ல வேண்டும். பிறகு கடிதத்தைக் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு மூக்கு டாக்டர்.